ஏர் இல்லாத மலை

கல்வராயன் மலையில் ஓர் ஏர்கூடக் கிடையாது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். மலை முழுக்க என்று சொன்னால் கொஞ்சம் தற்பெருமை. ஓர் ஊர், நாற்பத்தொரு வீடு. ஆனால் அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் நேரில் போய், உள்ளே உட்கார்ந்து, விசாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நல்ல உருண்டை எழுத்தில் ‘கலப்பை: இல்லை’ என்று எழுதினேன். சர்வேயரே என் கையெழுத்தைப் பாராட்டினார். எழுதியது பொய் என்பதைத் தவிர அந்தப் பதிவேட்டில் ஒரு குறையும் கிடையாது.

கீழே கள்ளக்குறிச்சியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்ட பிறகும், மலைமேல் ஜாகீர்தார்கள்தான் ராஜா. வெள்ளைக்காரன் அவர்களைத் தொடாமல் விட்டிருந்தான். அவன் போன பிறகும் வழக்கு, வாய்தா என்று இழுத்துக்கொண்டே போனது. நிலம் ஜாகீருடையது. உழுகிறவர்கள் ஏருக்கு இத்தனை படி சாமை என்று வரி அளக்க வேண்டும். கூப்பிட்ட நாளில் கூலியில்லாமல் வேலைக்கும் போக வேண்டும். அதற்கு வெட்டி என்று பெயர். ஒருவழியாக அரசாங்கம் ஜாகீரை எடுத்துக்கொண்டது. யார் எந்த நிலத்தை உழுகிறார்களோ அவர்கள் பேரிலேயே பட்டா என்று சொல்லி, அளக்க ஒரு சர்வேயரை அனுப்பியது. அவருக்கு எழுதிக் கொடுக்க அனுப்பப்பட்ட தற்காலிக எழுத்தர் நான். ‘தற்காலிக’ என்ற சொல்லை நான் அந்த நாட்களில் மெதுவாகவும் ‘எழுத்தர்’ என்பதைச் சத்தமாகவும் சொல்வது வழக்கம்.

படித்தது பி.ஏ. வரலாறு. மூன்று வருஷத்தில் மனதில் தங்கியது ஒரே ஒரு பாடம். கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் குடியேறிய ஜனங்களுக்கு இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு வரி போட்டார்கள். காகிதத்துக்கு வரி, தேயிலைக்கு வரி. வரி போடுகிற சபையில் அந்த ஜனங்களுக்காகப் பேச ஓர் ஆள் கிடையாது. எங்களைக் கேட்காமல் போட்ட வரியை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்து, கப்பலில் வந்த தேயிலையைப் பெட்டி பெட்டியாகத் துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டி, கடைசியில் துப்பாக்கி தூக்கி, தனி நாடாகவே போய்விட்டார்கள். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. எட்டுப் பக்கம் எழுதினேன். நான் பாஸானது அவர்கள் புண்ணியம்.

அதனால் மலைக்கு வந்ததிலிருந்து எனக்கு மண்டையைக் குடைந்தது ஒன்றுதான். தேயிலை வரிக்கே அங்கே அவ்வளவு கலாட்டா. இங்கே ஏருக்கு வரி, அது போதாதென்று வெட்டி. ஒருத்தர்கூடவா எதிர்க்கவில்லை? பதிவேட்டில் இல்லாத இந்தக் கேள்வியையும் சேர்த்து வீடு வீடாகக் கேட்டேன்.

“அய்ய, நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல சாமி” என்பதே எல்லா வீட்டிலும் பதில்.

“மாடு எத்தினி?”

“ரெண்டு.”

“கலப்பை?”

“இல்லீங்க.”

“நிலமெல்லாம் சால் புடிச்ச மாதிரி நேரா இருக்குதே?”

“கொத்துல கொத்தினதுங்க.”

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இரண்டு மாடு, எந்த வீட்டிலும் கலப்பை இல்லை. ஒரு சாதாரண மனிதனுக்கு இதில் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் தெருவில் வேலை வெட்டி இல்லாமல் இருந்த ஆட்களே பலர். மாடு இரண்டு சும்மா இருந்தால் என்ன என்று நான் விட்டுவிட்டேன்.

பாறைக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வைத்திருந்த அம்மாவின் வீட்டுக்குப் போன அன்று மழை. கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் ஈரத் துண்டை வாங்கி, கூரை விளிம்பில் கயிற்றில் தொங்கிய ஒரு தடித்த கம்பில் உலரப் போட்டார். உட்கார ஒரு கட்டையைத் தள்ளினார். ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் கூர்ந்து, நடுவில் வளைந்து, இப்படி உட்கார்ந்தால் அப்படிச் சாயும் விநோதமான கட்டை. இடுப்பு வலியோடு அதில் உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்து, கலப்பை இல்லை என்று எழுதி முடித்துவிட்டுத் தேயிலைக் கதையை ஆரம்பித்தேன்.

அவர் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டார். மற்ற வீடுகளில் யாரும் இவ்வளவு கவனித்ததில்லை.

“எல்லாத் தேயிலையுமா தண்ணில போட்டாங்க?”

“எல்லாந்தான்.”

“ஏன் தம்பி? ஒளிச்சி வெச்சிருக்கலாமே.”

“அது எதிர்ப்பக் காட்டறதுக்கும்மா. ராஜாவுக்குத் தெரியணும் இல்ல?”

“ராஜா எங்க இருந்தாரு?”

“கடலுக்கு அந்தாண்ட. கப்பல்ல போவவே ஒரு மாசத்துக்கு மேல ஆவும்.”

அவர் முறத்தை நிறுத்தினார். “எங்க ஜாகீர்தாரு அவ்ளோ தூரத்துல இருந்திருந்தா நாங்களும் கொட்டியிருப்போம்” என்றார்.

நல்ல பதில் என்று சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு அந்தக் கட்டை இடம் கொடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊர்க்கவுண்டர் ஒரு துணி மூட்டையோடு சர்வேயரிடம் வந்தார். ஊருக்குத் தலைவர், அந்த அம்மாவின் கணவருக்கு அண்ணன். அவர் வீட்டை மட்டும் சர்வேயரே எழுதிக்கொள்வதாக இருந்ததால் என் நாற்பத்தொன்றில் அது சேரவில்லை. மூட்டைக்குள் கச்சேரி எனப்பட்ட ஜாகீர் அலுவலகத்தில் கொடுத்த வரி ரசீதுகள். அவருடைய நிலத்துக்கு, அதோடு பாறைக்குக் கீழே இருக்கிற துண்டுக்கும், பன்னிரண்டு வருஷமாக அவர் பேரிலேயே ரசீது. இரண்டும் தன் நிலம், தன் பேரிலேயே பட்டா வேண்டும் என்றார்.

“அந்தத் துண்ட உங்க தம்பி பொண்டாட்டி இல்ல உழுவுது?” என்றார் சர்வேயர். அவர் சின்னசேலத்துக்காரர், மலை ஏறினதிலிருந்து முழங்கால் வலியைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

“எதால உழுவும்? அது வூட்டுல ஏர் இல்லைன்னு உங்க எழுத்தரே எழுதியிருக்காரே” என்று என் பதிவேட்டைக் காட்டினார் ஊர்க்கவுண்டர்.

சர்வேயர் புரட்டினார். நாற்பத்தொரு ‘இல்லை’யும் முத்து முத்தாக நின்றன. “இன்னாய்யா இது, ஊருக்கே ஏர் இல்லையா? சாமை மரத்துலயா காய்க்குது?” என்று என்னைப் பார்த்தார். பிறகு, “எழுதினது எழுதினதுதான். புதன்கிழமை விசாரிச்சி முடிச்சிடலாம்” என்றார்.

ரசீது இருக்கிறவருக்குத்தான் பட்டா போகும். உழுததற்கு வேறு சாட்சி இருந்தால் கதை மாறும். அந்த அம்மாவுக்கு எதிரான சாட்சியாக என் கையெழுத்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். கச்சிராயபாளையம் வரை நடந்து இறங்கி, வடக்கனந்தல் வழியாகப் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி நைனார்பாளையம் சேருவதற்குள் இடுப்பு இரண்டாகிவிட்டது. அப்பா அங்கே நாற்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். எங்களுக்கென்று ஒரு முழம் நிலம் கிடையாது. சின்ன வயதில் நான் ஏர் பக்கம் போனால், “அதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். போய்ப் படி” என்பார். நான் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஏர் என்றால் மாட்டுக்குப் பின்னால் சேற்றில் ஏதோ போகும் என்பது வரைக்கும் தெரியும்.

“இடுப்புக்கு இன்னாடா ஆச்சி?” என்றார்.

சொன்னேன். கட்டை எப்படி இருந்தது என்று கையால் காற்றில் வரைந்தும் காட்டினேன். தடித்த பக்கம், கூர்ந்த பக்கம், நடுவில் வளைவு, மேலே சதுரமாக ஒரு துளை.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “துண்டு காயப்போட்ட கம்பு எப்படி இருந்துது? ரெண்டு கோடியிலயும் முளைக்குச்சி செருவற மாதிரி ஓட்டை இருந்துதா?”

“ஆமாம்.”

“டேய், நீ உக்காந்தது கலப்பைடா. துண்ட காயப்போட்டது நுகத்தடி. ஏர் மேல உக்காந்துக்கினே ஏர் இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்க.”

சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி சிரித்தார். பிள்ளையைப் படிக்கவைத்ததன் முழுப் பலனும் அன்றுதான் கிடைத்தது போல இருந்தது அவர் முகம்.

எனக்கு மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு வீட்டில் கூரையைத் தாங்கிய நீளக் கம்பு. ஒரு வீட்டில் சுரைக்குடுக்கை மாட்டியிருந்த வளைந்த கைப்பிடி. இன்னொரு வீட்டில் கதவுக்கு அடியில் அணை கொடுத்திருந்த இரும்புத் துண்டு, அதில் இடறி என் கட்டைவிரல் நகம் போனது. நாற்பத்தொரு வீட்டிலும் ஏர் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன், தொட்டிருக்கிறேன், ரத்தம்கூடச் சிந்தியிருக்கிறேன்.

திங்கட்கிழமை நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். கட்டை மூலையில் இருந்தது. நான் உட்காரவில்லை. “இது கலப்பைதானேம்மா?” என்றேன்.

“யார் சொன்னது?”

“எங்கப்பா.”

“அவருக்காவது தெரிஞ்சிருக்குதே” என்றார். கோபமோ பயமோ தெரியவில்லை. பிறகு, இழுத்து இழுத்துக் கேட்டதில், நடந்ததைச் சொன்னார்.

ஒரு வருஷம் நல்ல மழை. உழ வேண்டிய வாரத்தில் அவர் வீட்டுக்காரரை வெட்டிக்குக் கூப்பிட்டு, ஜாகீர்தார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் சுமக்க அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. விதைக்க முடியவில்லை. அறுப்புக் காலத்தில் தண்டல்காரர் வந்து, ஏர் இருக்கிறதல்லவா, வரியை அள என்றார். அதுவும் கல்யாணச் செலவுக்காக அந்த வருஷம் படி ஜாஸ்தி.

“உழவே வுடல, ஏருக்கு வரி கேக்கறீங்களேன்னேன். சட்டம் அப்படித்தான்னாரு. ஏர் இருந்தாத்தானே வரின்னு, தூக்கியாந்து அவரு காலாண்ட போட்டேன். எடுத்துக்கினு போவட்டும்னு.”

“எடுத்துக்கினு போனாரா?”

“போனாரு. அடுத்த வருஷம் வந்து பாக்கறாரு, ஊருல ஒரு வூட்டுலயும் ஏர் இல்ல.”

நிலத்தில் வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஏரைக் கழற்றி, வீட்டுக்குள் ஆளுக்கொரு வேலை கொடுத்து வைத்துவிட்டார்கள். அந்த அம்மாவும் புதிதாக ஒன்று செய்து அப்படியே வைத்துக்கொண்டார். மூட்டின ஏருக்குத்தான் வரி. உட்காரும் கட்டைக்கும் துணி காயும் கம்புக்கும் யார் வரி போடுவது? ஊர்க்கவுண்டர் மட்டும் பதவிக்குப் பயந்து தன் ஏரை மூட்டியே வைத்தார். என் வரலாற்றுப் புத்தகத்தில் கலகம் என்றால் கூட்டம் கூடும், சத்தம் கேட்கும். இங்கே பன்னிரண்டு வருஷமாக ஒரு கலகம் நடந்திருக்கிறது. அது எங்கே என்று ஊரெல்லாம் தேடியவன் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

“அப்போ உங்க வூட்டுல ஏர் இருக்குதுன்னு திருத்தி எழுதிடறேன்” என்றேன்.

“வேணாம்.”

“எழுதலன்னா நிலம் போயிடும்மா.”

“எனக்கு இருக்குதுன்னு எழுதினா, மத்த வூட்டுலயும் பூந்து தேடுவாங்க. எனக்காக அவங்கல்லாம் வரி கட்டணுமா? ஜாகீர்தாரு போனாரு, நீங்க வந்திருக்கீங்க. நீங்க எதுக்கு வரி போடுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

எனக்கும் தெரியாது. சம்பளமே எப்போது போடுவார்கள் என்று தெரியாமல் இருந்தவன்.

புதன்கிழமை பள்ளிக்கூடக் கொட்டகையில் ஊரே கூடியது. அந்த ஊரில் கணவருடைய அண்ணனோடு பெண்கள் நேராகப் பேச மாட்டார்கள். அவரும் பேச மாட்டார். இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்ததால் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

“பன்னெண்டு வருஷம் என் சாமைய அளந்திருக்கேன்னு அதுகிட்ட சொல்லு தம்பி” என்றார் ஊர்க்கவுண்டர், மூன்று அடி தூரத்திலிருந்து.

“நான் அளக்கச் சொல்லலன்னு அவர்கிட்ட சொல்லுங்க தம்பி. அவரு பயத்துக்கு அவரு அளந்தாரு.”

“பயந்துக்கினுதான் அளந்தேன். அளக்கலன்னா ஏர் எடுத்தவன் அடுத்த வருஷம் மாட்டையும் ஓட்டிக்கினு போயிருப்பான். அதைக் கேளு.”

நான் கேட்பதற்கு வாய் திறந்தேன். அந்த அம்மா தரையைப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி போலிருந்தது. “அந்தச் சாமைய நான் கொஞ்சங் கொஞ்சமா திருப்பி அளந்துடறேன். நிலத்த வுடச் சொல்லுங்க” என்றார்.

சர்வேயர் முழங்காலைத் தடவிக்கொண்டே, “அதெல்லாம் வூட்டுல வெச்சிக்கோங்க. யம்மா, நிலத்த உழுதது நீயா?” என்றார்.

“நான்தான்.”

“எதால?”

அவர் கொட்டகையில் இருந்த மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்தேன். மற்ற வீடுகளைக் காட்டிக்கொடுக்காமல் சொல்ல ஒரே வழிதான் இருந்தது.

“பதிவேடு செல்லாதுங்க” என்றேன். “எனக்கு ஏர்னா இன்னான்னே தெரியாது. எதிர்ல வெச்சாலும் தெரியாது. தெரியாம எழுதினது சாட்சி ஆவாதுங்க.”

“நைனார்பாளையத்துல பொறந்துட்டு ஏர் தெரியாதா?”

“சத்தியமா தெரியாதுங்க.”

முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. தண்டல்காரரைப் பன்னிரண்டு வருஷம் ஏமாற்றியவர்களுக்கு என்னை ஏமாற்றியது அவ்வளவு பெரிய சாதனையல்ல என்பது அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா சர்வேயரிடம் நேராகவே கேட்டார். “ஏருக்கு வரி உண்டுங்களா?”

“ஏருக்கு ஏதும்மா வரி? நிலத்துக்குத்தான்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“நான் எழுதறதுக்கு இன்னா இருக்குது, சட்டமே அப்படித்தான்.”

“தண்டல்காரரும் சட்டம் அப்படித்தான்னுதாங்க சொன்னாரு.”

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் கொட்டகைக் கூரையைப் பார்த்தேன். கடைசியில் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘ஏர், கலப்பைக்கு வரி கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு அவருக்கு அதிகாரம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். நான் வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். பிறகு, நான் சரியாகத்தான் வாசிக்கிறேனா என்று பார்க்க, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஊர்க்கவுண்டரிடம் தாளைக் கொடுத்தார்கள். ஏர் விஷயத்துக்குப் பிறகு என் படிப்பின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவர் மெதுவாகப் படித்தார். மடித்துத் தன் ரசீது மூட்டை மேல் வைத்தார்.

அந்த அம்மா எழுந்து போனார். ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில், கட்டையைத் தோளிலும் கம்புகளைக் கையிலும் சுமந்து வந்து கொட்டகை வாசலில் போட்டார். நீளக் கம்பான ஏர்க்காலைத் துளையில் செருகி, ஆப்பு அடித்து, கைப்பிடியான மேழியைப் பொருத்தி, மடியிலிருந்து இரும்புக் கொழுவை எடுத்து முனையில் மாட்டினார். மூட்டிய ஏர் வாசலில் நின்றது.

யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் அவர் ஏர் மட்டும் தனியாக நின்றது. பிறகு பின்வரிசையில் முதலில் சிரித்த ஆள் எழுந்து, “இந்த ஏருக்கு என் மாட்டத்தான் பூட்டுவாங்க. பாறைக்குக் கீழ உழுததுக்கு நான் சாட்சி” என்றார்.

“உன் வூட்டுல ஏர்?” என்றார் சர்வேயர்.

“இருங்க, எடுத்தாறேன்.”

அவர் போனார். இன்னொருவர் போனார். சற்று நேரத்தில் ஊர் முழுக்க ஆப்பு அடிக்கிற சத்தம். கூரைக் கம்பை உருவியதில் ஒரு வீட்டில் கூரையே ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சர்வேயர் வாசலில் வந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

ஊர்க்கவுண்டர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போனபோது, “உழுதது அதுதான்னு எழுதிக்கோ” என்றார். பிறகு, “சாமை வேணாம்னு சொல்லு” என்றார். அந்த அம்மா வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் நான் போய்ச் சொன்னேன். முறை என்று ஒன்று இருக்கிறதே.

அன்று மாலை நாற்பத்தொரு ‘இல்லை’யையும் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறுகையெழுத்துப் போட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். “பொய்யக்கூட இவ்ளோ அழகா எழுதறவன எங்க தேடறது?” என்று சர்வேயர் வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்துப் பட்டாவைக் கொடுக்க நானே மலை ஏறினேன். கூரை விளிம்பில் கம்பு மறுபடி தொங்கியது, அதில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா பட்டாவை வாங்கி, தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்து, சாமைப் பானைக்குள் வைத்தார். நிலத்துக்கு வரி எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு மூலையிலிருந்த கட்டையை என் பக்கம் தள்ளினார். “உக்காருங்க தம்பி.”

“இது கலப்பையாம்மா, உக்கார்ற கட்டையா?” என்றேன்.

“அது வர்றவங்க எதுக்கு வந்திருக்காங்கன்றதப் பொறுத்தது” என்றார்.

நான் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.